தொடர்புகளை நீக்கிய மாலை

முதலில் பஞ்சாலை நிர்வாகம் என்னை நீக்கியது. இரண்டாவதாக, அதை எதிர்த்துப் போராட வேண்டிய தொழிற்சங்கம் நீக்கியது. மூன்றாவதாக, சங்கத்தை எதிர்த்து நானே தொடங்கிய அணி, நான் தேநீர் குடிக்கப் போன நேரம் பார்த்துக் கூட்டம் போட்டு நீக்கியது. அப்துல் ஷாஃபி என்றால் மஹல்லா நகரமே நடுங்கிய காலம் உண்டு. இப்போது நான் அதட்டினால் எங்கள் கட்டடத்து மின்தூக்கிகூட அசைவதில்லை.

ஆகவே குடியிருப்போர் சங்கத் தலைவராக முடிவெடுத்தேன். வேறு போட்டியில்லை. வீட்டுக்கு ஒரு பெயர். மாலைத் தொழுகைக்குள் சங்கத்தின் இணையப் பக்கத்தில் பதிய வேண்டும்.

“தலைவரானா லிஃப்ட் ஓடுமா?” என்றாள் அப்துல் வாரிஸின் மகளும் என் மனைவியுமான நகாத், கத்தரிக்காயைக் குடைந்தபடி.

“முதல்ல கண்டனத் தீர்மானம். அப்புறம் உண்ணாவிரதம்.”

“லிஃப்ட்டு?”

“அதை வரலாறு தீர்மானிக்கும்.”

“அஞ்சாம் மாடிக்கு சிலிண்டரை வரலாறா தூக்கும்?”

கணினியிடம் திரும்பினேன். பெயரை அடித்துவிட்டேன். கடைசிப் பொத்தான்தான் பாக்கி. பக்கமோ நத்தையாய் ஊர்ந்தது. கணினியைச் சுத்தம் செய்யலாமென்று தேடினால், திரையில் ஒரு வரி: ‘தொடர்பை அடையாளம் காட்டும் கோப்புகள்.’ உலகம் குக்கீ என்று செல்லமாக அழைப்பதற்கு எங்கள் அரபியில் இதுதான் பெயர். எனக்கு வியர்த்தது. காவல் நிலையத்தில் என்னிடம் கேட்ட முதல் கேள்வியே ‘யார் யாரோடு தொடர்பு?’ என்பதுதான்.

“ஒற்றன் வீட்டுக்குள்ளயே இருக்கான், நகாத்! நம்ம தொடர்பெல்லாம் இதுல இருக்காம்!”

“தொடர்பா? யாரோட?”

“அடியே, அது பிஸ்கட்டு!”

“பிஸ்கட்டோடயா? இந்த வயசுலயா, சாபிர் அப்பா?” மகன் பெயரைச் சொல்லித்தான் என்னை அழைப்பாள்.

“கம்ப்யூட்டர் பாஷை!”

“அப்போ நீக்கிடுங்க. ஒண்ணு மிச்சம் வச்சாலும் அது யாருன்னு கேப்பேன்.”

அமுக்கினேன். வாழ்நாளில் முதல்முறையாக, நீக்கியவன் நான்.

நீலப் பட்டை மெல்ல நகர்ந்தது. சன்னல் வெயிலில் ஆலைப் பஞ்சு மிதந்தது. மிதக்க மிதக்கக் காகிதமாயிற்று. என்னைப் பற்றிய காவல்துறைக் கோப்புகள் எல்லாம் வெள்ளை வெள்ளையாகக் கால்வாய்மேல் பறந்து இறங்க, எழுத்துகள் மீன்குஞ்சுகளாய் நீந்திப் போயின. ஆலைச் சங்கு புல்லாங்குழல்போல் இழைந்தது. மின்தூக்கி என்னை ஏற்றிக்கொண்டு கூரையைக் கடந்து மேகத்தில் நின்றது. கதவு திறந்தால், என்னை நீக்கியவர்கள் அத்தனை பேரும் பஞ்சுத்தாடியுடன், “தலைவரே, வாருங்கள்” என்றார்கள்.

நகாத்தான் தோளை உலுக்கினாள்.

“பேரு?” என்று பதறினேன்.

“நீங்க நீக்கினதுல அதுவும் போயிடுச்சு. பக்கம் உங்களை மறந்துட்டு மறுபடி ரகசிய எண் கேட்டுது. அது என் போனுக்குத்தானே வரும்? போட்டுப் பதிஞ்சாச்சு.”

“நீயல்லவோ தோழர்!”

“நெஞ்சை நிமித்திக்கிட்டுக் கீழே வாங்க.”

படிக்கட்டில் எல்லா வீட்டாரும் கூடியிருந்தார்கள். மூன்றாம் மாடிப் பொறியாளர் ஹில்மி கைபேசியைப் பார்த்து வாசித்தார்.

“போட்டியின்றித் தேர்வான தலைவர், ஐந்தாம் மாடி...”

நான் ஏற்கெனவே கையை உயர்த்தியிருந்தேன்.

“...நகாத் அப்துல் வாரிஸ்.”