சொதி சாப்பிடாத பச்சோந்தி

தென்காசி,
விளம்பி வருஷம், ஆடிக் கடைசி.

மகாராஜராஜஸ்ரீ அத்தான் குற்றாலிங்கம் பிள்ளை அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் தங்கை உலகம்மையின் புருஷன் நாறும்பூநாதன் அடிவணங்கி எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் உலகம்மையும், ஆடிக்கு அழைத்து வந்திருக்கும் குழந்தை குழல்வாய்மொழியும் விசுவநாதர் புண்ணியத்தில் சௌக்கியம். மதுரையில் தங்கள் சௌக்கியத்துக்கும், அக்காவின் முழங்கால் வலி தேவலையா என்பதற்கும் பதில் எழுத வேண்டியது.

நிற்க. தங்கள் கார்டு கிடைத்தது. ஏன் அத்தான், இப்படிப்பட்ட சமாசாரத்தைக் கார்டிலா எழுதுவது, ஒரு கவருக்குள் போட்டு ஒட்டியிருக்கக் கூடாதா? தபால்காரன் தெருமுனையிலேயே படித்து முடித்துவிட்டு, வாசலில் நின்றுகொண்டு, “பிள்ளைவாள், உங்க வீட்ல கறி சமைக்கியளாமே? மதுரையில இருந்து வருத்தப்பட்டு எழுதியிருக்காக!” என்று நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி என்னையே விசாரிக்கிறான். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. “புலால் புழங்கும் வீட்டில் நான் கை நனைக்க மாட்டேன், தலைத்தீபாவளிக்கு என்னை எதிர்பார்க்க வேண்டாம்” என்று முடித்திருக்கிறீர்கள். தாய்மாமன் வராத தலைத்தீபாவளியா? மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள்? குழந்தை முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். பத்திர ஆபீசில் ஆயுள் முழுக்கக் குப்பை கொட்டியவன் நான், ஒரு எழுத்துக் கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். தயவுசெய்து கடைசி வரையில் படிக்கவும்.

எல்லாவற்றுக்கும் காரணம் மாப்பிள்ளை வல்லிநாயகம்தான். குற்றமாகச் சொல்லவில்லை, தங்கமான பையன். பாளையங்கோட்டையில் காலேஜ் பிள்ளைகளுக்கு ஜீவராசிகளைப் பற்றிப் பாடம் சொல்லுகிறார் என்று ஜாதகத்தோடு வந்து சொன்னவர் தாங்கள்தான். பாடம் சொல்லுவார் என்றுதான் சொன்னீர்கள், வீட்டுக்குக் கொண்டுவருவார் என்று சொல்லவில்லை. ஆடி முதல் தேதி விருந்துக்கு முன்னால் குற்றாலத்தில் ஒரு குளியல் போடலாம் என்று எல்லாரும் குதிரைவண்டியில் போனோம். நல்ல சாரல். அருவியில் நின்றுவிட்டு எண்ணெயும் ஈரமுமாகத் திரும்பி வருகிறபோது, நடுரோட்டில் ஒரு பச்சோந்தி. காலைத் தூக்குகிறது, முன்னும் பின்னும் ஆடுகிறது, யோசிக்கிறது, தூக்கின காலை மறுபடி பின்னுக்கு இழுத்துக்கொள்கிறது. பத்திரத்தில் கையெழுத்துப் போட வந்த கிழவர்கள் கடைசி நிமிஷத்தில் இப்படித்தான் செய்வார்கள். வண்டிக்காரன் நிறுத்துவதற்குள் மாப்பிள்ளை குதித்து, என்னுடைய புதுத் துண்டை உருவிக்கொண்டுபோய், அதைப் பூப்போல ஏந்திக் கொண்டுவந்து குழல்வாய்மொழி கையில் வைத்தார். இவள் பயந்து கத்துவாள் என்று பார்த்தேன். அது இவள் வளையலைப் பிடித்துக்கொண்டு, ஒரு கண்ணால் இவளையும் இன்னொரு கண்ணால் குதிரையையும் பார்த்தது. இவள் சிரித்தாள் அத்தான். கல்யாணம் ஆன நாளாகக் குனிந்த தலை நிமிராமல் இருந்த பெண், புருஷன் முகத்தைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அந்த நிமிஷத்தில் அவர் ஒரு முதலையைக் கொண்டுவந்திருந்தாலும் வண்டியில் ஏற்றியிருப்பேன்.

ஆடியில் மாப்பிள்ளை மாமனார் வீட்டில் தங்கக் கூடாதே, விருந்து முடிந்ததும் பஸ் ஏற்றிவிடப் போனேன். மாமியாரும் பெண்ணும் பஸ் ஸ்டாண்டுக்கு வருவது நம் வழக்கமில்லை, நான் மட்டும்தான். அங்கே நின்றுகொண்டு அவர் இந்தப் பிராணி எப்படி வாழும், என்ன தின்னும் என்று பாதி இங்கிலீஷும் பாதி தமிழுமாக விளக்கிக்கொண்டிருந்தார். என் கவனமெல்லாம் பஸ்ஸில். ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பதா, இவர் சொல்லுவதைக் கேட்பதா? “சரி மாப்பிள்ளை, சரி மாப்பிள்ளை” என்று மட்டும் சொல்லிவைத்தேன். மாப்பிள்ளையிடம் ஒரு விஷயத்தை இரண்டாம் தடவை கேட்பது மரியாதையில்லை பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் உலகம்மை, “அது என்னங்க சாப்பிடும்?” என்றாள். கேட்கவில்லை என்று ஒப்புக்கொள்ள முடியுமா? “சைவ வீட்டுக்கு வந்தாச்சு, நாம சாப்பிடுததைத்தான் சாப்பிடும்” என்று சொல்லிவிட்டேன்.

உலகம்மையைத்தான் உங்களுக்குத் தெரியுமே. மாப்பிள்ளை விட்டுப்போனது மாப்பிள்ளைக்குச் சமானம் என்று, முற்றத்துக் கொய்யாமரக் கிளை ஒன்றை வெட்டிக் கூடத்தில் நட்டு, அதன் கீழே தலைவாழை இலையே போட்டுவிட்டாள். முதல் நாள் சொதி. தேங்காய்ப்பாலை மூன்று தடவை பிழிந்து, இஞ்சித் துவையலும் வைத்து, மறுவீட்டுக்கு வந்த சம்பந்திக்குக்கூட அப்படிச் செய்திருக்க மாட்டாள். பச்சோந்தி ஒரு கண்ணால் சொதியைப் பார்த்தது, மற்றக் கண்ணை உத்தரத்துக்குத் திருப்பிக்கொண்டது. காரம் போலிருக்கிறது என்று மறுநாள் பால்சோறு. அப்புறம் அவல், இடியாப்பம், தேனில் தோய்த்த மட்டிப்பழம், அகத்திக்கீரை. ஏறெடுத்துப் பார்க்கவில்லை. பச்சை நிறம் போய்க் கறுத்து, விலா எலும்பு தெரிய ஆரம்பித்துவிட்டது. “ஏங்க, மாப்பிள்ளைக்கு ஒரு கடுதாசி போட்டுக் கேளுங்களேன்” என்று உலகம்மை சொன்னாள்தான். பஸ் ஸ்டாண்டில் தலையை ஆட்டிவிட்டு இப்போது கேட்டால், சொன்னது எதையும் மாமனார் காதில் வாங்குகிறதில்லை என்று ஆகிவிடாதா? போடவில்லை.

அதற்குள் குழல்வாய்மொழி தட்டை ஒதுக்க ஆரம்பித்துவிட்டாள். “ஏட்டி, நீ சாப்பிடு, அது தானா சாப்பிடும்” என்றேன். “எப்பா, அவுக எங்கையில குடுத்த முதல் உயிரு. அது பட்டினி கெடக்குது, எனக்கு மட்டும் எப்படிப்பா தொண்டையில எறங்கும்?” என்று அழுதாள். ஆடி முடிந்து மாப்பிள்ளை கூப்பிட வரும்போது இரண்டும் எலும்பாக நின்றால் நான் என்ன பதில் சொல்லுவது?

இந்த இடத்தில்தான் தங்களுக்கு வந்த கோள். எனக்கே தங்கள் கார்டு வந்த பிறகுதான் தெரியும். நான் கோயிலுக்குப் போயிருந்த சமயம் தங்கள் தங்கை பின்பக்கச் சுவரோரம் போய், அடுத்த வீட்டு ஞானபாக்கியம் டீச்சரிடம், “டீச்சர், உங்க வீட்ல கறி எடுத்தா ஒரு துண்டு தாரியளா, யாருக்கும் தெரியாண்டாம்” என்று கேட்டிருக்கிறாள். அந்த அம்மாள் ஐயோ பாவமே என்று பூவரச இலையில் பொதிந்து கொடுத்திருக்கிறார். இதைக் கேட்டுக்கொண்டு அந்தப் பக்கமாகப் போனவர் பலசரக்குக்கடை அய்யாக்குட்டி அண்ணாச்சி. அவர் கொள்முதலுக்கு மதுரை வரும்போது தங்களைப் பார்க்காமல் திரும்புவாரா? ஆனால் அவர் பார்க்காததையும் கேளுங்கள். உலகம்மை அந்தத் துண்டை இடுக்கியால் பிடித்து, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, பச்சோந்திக்கு நீட்டியிருக்கிறாள். பச்சோந்தியும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டது. அசையாத பண்டம் எதையும் அது தொடாது என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? இவள் அதைப் பூனைக்கு எறிந்துவிட்டு, தலைக்குக் குளித்து, இடுக்கியைப் புளி போட்டுத் தேய்த்து, கூடம் முழுக்க மஞ்சள்தண்ணீர் தெளித்திருக்கிறாள். “ஏன் இப்படிச் செஞ்சே?” என்று கேட்டதற்கு, “பெத்த வயிறுங்க, உங்களுக்குத் தெரியாது” என்றாள்.

இப்போது நல்ல சமாசாரத்துக்கு வருகிறேன். நம் அச்சன்புதூர் வயலைப் பார்த்துக்கொள்ளும் முப்பிடாதி ஒரு பலாப்பழத்தைத் தலையில் வைத்துக் கொண்டுவந்து இறக்கினான். கடைசியாக இதையும் பார்ப்போம் என்று இரண்டு சுளையைக் கிளையிலேயே செருகிவைத்தேன். சாரல் காலத்துப் பலாப்பழம், வாசனைக்குத் தெருவிலுள்ள ஈயெல்லாம் வந்துவிட்டது. நான் விசிறியை எடுக்கத் திரும்புகிறேன், சுளீர் என்று ஒரு சத்தம். பார்த்தால் ஒரு ஈயைக் காணோம். பச்சோந்தி மென்றுகொண்டிருக்கிறது. அடுத்த ஈ உட்கார்ந்தது. வாயிலிருந்து ஒரு முழக்கயிறு புறப்பட்டுப்போய் ஈயை ஒட்டிக்கொண்டு திரும்பியது. நாக்கா அது! அதன் உடம்பைவிட நீளம் அத்தான்! “அடியே உலகு, ஓடி வா! சாப்பிடுது, சாப்பிடுது!” என்று நான் போட்ட சத்தத்தில் ஞானபாக்கியம் டீச்சர் சுவருக்கு மேலே தலையை நீட்டிவிட்டார். உலகம்மை முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். குழல்வாய்மொழி அடுக்களைக்குள் போய், தயிர்சோற்றைச் சட்டியோடு எடுத்துவந்து, பச்சோந்திக்கு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அது ஒரு ஈ இவள் ஒரு கவளம் என்று சாப்பிட்டாள். எனக்கு ஒரு மலையை இறக்கிவைத்த மாதிரி இருந்தது. அன்றைக்குத்தான் நானும் வயிறார உண்டேன்.

அன்றுமுதல் எங்கள் வீட்டில் ஈக்குத்தான் உபசாரம். ஒரு ஈ நுழைந்தால் கூட்டுமாற்றோடு துரத்துகிற உலகம்மை, இப்போது ஜன்னலைத் திறந்துவைத்து, “இன்னைக்கு வரத்து கொறைவா இருக்குங்க” என்று கவலைப்படுகிறாள். போன வாரம் அய்யாக்குட்டி அண்ணாச்சி வேவு பார்க்க வந்தார் போலிருக்கிறது. உட்கார்ந்த இடத்தில் மூக்கில் ஒரு ஈ உட்கார, அடிக்கக் கையை ஓங்கினார். “அண்ணாச்சி, அடிச்சிராதிய! அது சாப்பாடு!” என்று உலகம்மை உள்ளேயிருந்து அலறினாள். மனுஷன் கொடுத்த காப்பியைக் குடிக்காமலே எழுந்து போய்விட்டார். இதுவும் மதுரைக்கு வந்து சேரும், வந்தால் நம்ப வேண்டாம்.

ஆகவே அத்தான், தங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். பலாச்சுளை வைத்தது நான். ஈ வந்தது ஈயின் இஷ்டம். நாக்கை நீட்டியது பச்சோந்தியின் இஷ்டம். முதல் காரியத்துக்கு மட்டும்தான் என் கையெழுத்து, மற்ற இரண்டிலும் நான் சாட்சிகூட இல்லை, நான் அந்த நேரம் கண்ணை மூடிக்கொண்டு பதிகம் சொல்லிக்கொண்டிருப்பேன். என் கையால் இந்த வீட்டில் ஒரு எறும்பும் சாகவில்லை. பரம்பரைச் சைவம் இம்மியும் கெடவில்லை. அதை நம்பி, தாங்களும் அக்காவும் தலைத்தீபாவளிக்கு நாலு நாள் முன்னதாகவே வந்து, முதல் எண்ணெயைத் தங்கள் கையால் குழந்தை தலையில் வைத்து, சொதி சாப்பிட்டுப் போக வேண்டியது. குற்றாலத்து அம்பாள் குழல்வாய்மொழியம்மை துணையால் தங்கள் குடும்பம் வாழையடி வாழையாகத் தழைக்கவும், அக்காவின் முழங்கால் மடங்கி நிமிரவும் பிரார்த்திக்கிறேன்.

இப்படிக்கு,
கீழ்ப்படிதலுள்ள மைத்துனன்,
நாறும்பூநாதன்.

பி.கு.: மேலே கண்டதை எழுதி ஒட்டி, நல்ல நேரம் பார்த்துப் பெட்டியில் போடலாம் என்று வைத்திருந்தேன், அதற்குள் சங்கதி மாறிவிட்டதால் கவரைப் பிரித்து இதை எழுத வேண்டியதாயிற்று. சாரல் நின்று, பலாப்பழமும் தீர்ந்து, ஈ போன இடம் தெரியவில்லை. வெல்லப்பாகு வைத்துப் பார்த்தோம், எறும்புதான் வந்தது. முந்தாநாள் அது மறுபடியும் கறுத்தது, குழந்தை மறுபடியும் தட்டை ஒதுக்கினாள். மாப்பிள்ளை நாளை மறுநாள் கூப்பிட வருகிறார். நான் பூசையை முடித்துக்கொண்டு, நெற்றி விபூதி கலையாமல், பின்கட்டுப் புல்லுக்குள் போய், வேட்டியை மடித்துக் கட்டி ஒரு வெட்டுக்கிளியைப் பிடித்தேன். என் விரலிலிருந்தே வாங்கிக்கொண்டது. குழந்தை சிரித்தாள், சாப்பிட்டாள். எனக்குப் பாவம் என்றே தோன்றவில்லை அத்தான், அதுதான் பயமாக இருக்கிறது. தங்கள் மடியில் உட்காரவைத்துக் காது குத்திய குழந்தை, அவள் தட்டை ஒதுக்கினால் தாங்களும் அந்தப் புல்லில் குனிந்திருப்பீர்கள். மேலே எழுதியதை அடித்துவிடலாமா என்று பார்த்தேன், நன்றாக வந்திருக்கிறது, அடிக்க மனம் வரவில்லை. பச்சோந்தி ருசி கண்டுவிட்டது, இப்போது தப்பித்தவறி வருகிற ஒன்றிரண்டு ஈயைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளுகிறது. தலைத்தீபாவளிக்கு வரும்போது குழந்தை இதையும் கூடவே கொண்டுவருவாளாம், எனக்கோ இடுப்பு குனிய மாட்டேன் என்கிறது. ஆகையால் வரும்போது மதுரையில் பூச்சி பிடிக்கிற வலை, நீளக் கம்பு வைத்ததாக ஒன்று வாங்கிவரவும். கடைக்காரன் எதற்கென்று கேட்டால், பூசைக்குப் பூப் பறிக்க என்று சொல்லிவிடுங்கள்.