இடது பாக்ஸ் ஒன்று அனுப்பவும்

சேசு மரி சூசை துணை
மரக்காணம், 19-11-2006

அன்பும் பாசமும் மிக்க மருமகப்பிள்ளை ரெக்ஸ் அவர்களுக்கு மாமனார் அமிர்தசாமி எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் உங்கள் அத்தை இன்னாசிமேரியும் நலம். நலம் என்று எழுதுகிற இடத்தில் எழுதிவிட்டேன், மற்றதைக் கீழே பார்த்துக்கொள்ளவும். மஸ்கட்டில் உங்கள் உடம்பும் வேலையும் நன்றாயிருக்க ஜெபமாலையில் தினமும் வேண்டிக்கொள்கிறோம்.

நீங்கள் அனுப்பிய ஸ்டீரியோ செட்டும் சிடியும் செப்டம்பரில் பழுதில்லாமல் வந்தன. சிடியில் இருப்பது, 2004-ல் மாதா கோயிலில் கிறிஸ்துமஸ் பாட்டு ரிகர்சல் நடந்தபோது இரண்டு மைக் வைத்து நீங்கள் பதிவு பண்ணிய பாட்டுகள். அந்தக் கிறிஸ்துமஸுக்கு மறுநாள்தான் குப்பத்துக்கு மீன் வாங்கப் போன என் மகள் ஜான்சியைக் கடல் கொண்டுபோயிற்று. அதற்கப்புறம் அவள் குரல் இந்த வீட்டில் கேட்கவில்லை. நீங்களோ போனில், "மாமா, நான் சொல்ற மாதிரி வச்சிங்கன்னா பொட்டியில பாடற மாதிரியே இருக்காது. ஜான்சி எங்க நின்னுதோ அங்கயே நிக்கும்" என்றீர்கள். இதைக் கேட்டபிறகு எந்த அப்பன் சும்மா இருப்பான்?

நீங்களும் அவளும் இருந்த அறையையே ஒழித்தேன். இரண்டு ஸ்பீக்கர் பாக்ஸும் நாற்காலியும் முக்கோணமாக இருக்கவேண்டும், வெறும் சுவரில் சத்தம் மோதித் திரும்பும், கனமாக எதையாவது மூட்டை மூட்டையாக அடுக்குங்கள் என்றீர்கள். மாப்பிள்ளை, உப்பளக்காரனிடம் மூட்டை என்று சொன்னால் அவனுக்கு எந்த மூட்டை ஞாபகம் வரும்? மேஸ்திரி இருசப்பனைக் கூப்பிட்டேன். அவனும், "ஆமா மொதலாளி, விக்காத உப்பு வெளியில கெடந்து மழையில கரையறத விட உள்ளாற இருந்தா சேஃப்டிங்க" என்று உற்சாகமாகி, நான்கு சுவருக்கும் கூரை முட்ட அடுக்கிவிட்டான். அளத்திலேயே பிறந்து அளத்திலேயே நரைத்த எங்கள் இரண்டு கழுதைகளுக்கும் மழைக்காலத்தில் உப்பு என்ன செய்யும் என்று அப்போது தோன்றவில்லை.

ஆனால் சத்தம்! அதை எப்படி எழுதுவேன்? நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடினேன். முதலில் உங்கள் குரல், "ரெடியா?" என்று. உடனே இடது பக்கம், ஜன்னலுக்குக் கிட்டே, "இருங்க, தண்ணி குடிச்சிக்கிறேன்" என்று ஜான்சி. கனைத்துக்கொண்டாள். கையை நீட்டினால் புடவை படும்போல இருந்தது. நான் குலுங்கிக் குலுங்கி அழுதேன், இருசப்பன் பார்த்துவிட்டான். அதற்கு நேரெதிரே வலது பக்கம் அலமாரி ஓரமாக நம்ம பக்கத்து வீட்டு லூர்துமேரி நின்று தொண்டை கிழியப் பாடிக்கொண்டிருந்தது. நிஜ லூர்துமேரியை வீட்டிலிருந்து கூப்பிட்டுக் கேட்கவைத்தால், அலமாரிக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, என்ன மட்டும் கொஞ்சம் கொறச்சி வையுங்க, மானம் போவுது" என்கிறது.

சனியன் பிடித்தது நாற்காலியில்தான். அந்த ஒரு இடத்தில் உட்கார்ந்தால்தான் பிள்ளை நிற்கிறாள். ஒரு சாண் நகர்ந்தால் பாக்ஸுக்குள் போய்விடுகிறாள். ஒரு நாற்காலி, நாங்கள் இரண்டு பேர். மொத்தம் மூன்று பாட்டு. ஆளுக்கு ஒன்று என்று வைத்தாலும் மூன்றாவது யாருக்கு? "நவுருங்க, பெத்தவ நானு" என்கிறாள் உங்கள் அத்தை. "நான் என்னாடி தவுட்டுக்கா வாங்கினேன்?" என்றேன். அவ்வளவுதான், பேச்சு நின்றது. நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் அவள் அங்கேயே கீரை ஆய்கிறாள். கூரை முட்ட உப்பு இருக்கிற வீட்டில் எனக்கு உப்பில்லாத குழம்பு. முப்பது வருஷக் குடித்தனத்தில் இப்படி ஒரு சண்டை கிடையாது மாப்பிள்ளை, செத்த பிள்ளை பக்கத்தில் யார் உட்காருவது என்று.

அப்புறம் மழை பிடித்தது. மூட்டையெல்லாம் வியர்த்தது, சுவர் நனைந்தது, தரையில் உப்புத்தண்ணி ஓடியது. நான் துடைக்கிறேன், அவள் துடைக்கிறாள். போன வெள்ளிக்கிழமை ஜன்னல் பக்கம் அடிமூட்டை கரைந்து இளைத்துப்போய், மேலே இருந்த அத்தனையும் சரிந்து இடது பாக்ஸ் மேல் விழுந்தது. அது அப்பளம். உங்கள் அத்தை மார்பில் அடித்துக்கொண்டு, "ரெண்டு வாட்டியும் உப்புத்தண்ணிதானா எம் பொண்ண எடுத்துக்கணும்?" என்று கத்தினாள். தெருவே கூடிவிட்டது.

உடைந்ததைத் திண்டிவனத்தில் கடையில் காட்டினேன், தேறாது என்றுவிட்டார்கள். ஆகையால் எப்பாடுபட்டாவது அதே மாதிரி இடது பாக்ஸ் ஒன்று உடனே அனுப்பவும். பாக்ஸில் இடது வலது கிடையாது என்று கடைக்காரன் சிரிக்கிறான். அவனுக்கு என்ன தெரியும், என் மகள் நின்றது இடது. உப்பு மூட்டையை வெளியேற்றிவிட்டோம், இனி பழைய புடவைதான் தொங்கவிடுவேன். வேறு உதவி உங்களிடம் நான் கேட்டதில்லை, இதைத் தட்டாதீர்கள். மாதா உங்களை வெயிலிலும் வழியிலும் காப்பாற்றுவாளாக.

இப்படிக்கு
அமிர்தசாமி

பின்குறிப்பு: ஒட்டிய கவரை மறுபடி பிரித்துவிட்டேன். பாக்ஸ் அனுப்பவேண்டாம். மீதியிருந்த வலது பாக்ஸை உங்கள் அத்தை சும்மா போட்டுப் பார்த்தாள். லூர்துமேரி மூஞ்சிக்கு நேராகக் கத்துகிறது. அதே மைக்கில் விழுந்ததுபோல, அதற்குப் பின்னால், ரொம்பத் தூரத்தில், ஜான்சி பாடுகிறாள். நிற்கிற இடம் தெரியவில்லை, ஆனால் அறையில் எங்கே உட்கார்ந்தாலும் ஒரே மாதிரி கேட்கிறது, இரண்டு பேருக்கும். "அவ்ளோ தூரத்துலதான இருக்கா" என்றாள் உங்கள் அத்தை. ரொம்ப நாளைக்குப் பிறகு என்னிடம் பேசியது அதுதான். நாற்காலியை வெளியே போட்டுவிட்டு பெஞ்சு போட்டிருக்கிறோம். மூன்று பேர் உட்காரலாம். கிறிஸ்துமஸுக்கு லீவு கேட்டுப் பாருங்கள்.