மூக்கில்லாத ராஜாவும் ஜன்னலோர மேஜையும்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் ஒரு சட்டம் போட்டேன். இந்த வீட்டில் இனி யாரும் என் காசை விரலால் தொடக் கூடாது. வீட்டில் இருப்பது இரண்டே பேர். ஒருவர் சட்டம் போட்டவர். ஆகவே சட்டம் யாருக்கு என்பதில் குழப்பத்துக்கே இடமில்லை.

"நான் எதுக்குங்க அதைத் தொடப் போறேன்?" என்றாள் என் மனைவி. ஊசியின் காதைத் தேடி நூலோடு போராடிக்கொண்டிருந்தாள். "எனக்கு இந்த நூல் பண்ற பாடே போதும்."

அந்தக் காசைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பழைய செப்புக் காசு. மூன்று வருடம் பழைய சாமான் சந்தையில் குப்பையைக் கிளறிக் கிளறி, முழங்கால் போன பிறகு கிடைத்தது. ஒரு பக்கம் ராஜா, மறுபக்கம் சிங்கம். ராஜா நேராக நம் முகத்தைப் பார்க்கிறார். கிரீடத்தில் கல் கல்லாகத் தெரிகிறது. தாடியை முடி முடியாக எண்ணலாம். மூக்கு மட்டும் இல்லை. நெற்றியிலிருந்து புறப்பட்டால் தடையே இல்லாமல் மீசையில் போய் இறங்கலாம்.

"ராஜாவுக்கு மூக்கைக் காணோமே, தேஞ்சு போச்சா?" என்று கேட்டாள் முதல் நாளே.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. நான் ஓர் அச்சகத்தில் மேற்பார்வையாளர். இருபத்திரண்டு வருடமாக மை, தாள், அழுத்தம், இந்த மூன்றோடுதான் பிழைப்பு. தாள் வெட்டும் இயந்திரம் என் வலது கட்டைவிரலில் குறுக்கே ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறது. அதுதான் என் அனுபவச் சான்றிதழ். என்னிடம் வந்து தேய்மானமா என்று கேட்கிறாள்.

"அது தேய்மானம் இல்ல. அழுத்தக் குறைவு."

"எதுவா இருந்தா என்னங்க, மூக்கு இல்ல."

"இருந்து போறது வேற, இல்லாமலே பொறக்கறது வேற. அடிக்கும்போது அச்சு சரியா அழுந்தலன்னா உசரமான இடத்துக்குச் செம்பு ஏறாது. திருப்பிப் பாரு. அதே இடத்துக்கு நேர் பின்னால சிங்கத்தோட வயித்தையும் காணோம்."

"சிங்கம் பட்டினியா இருக்கும்."

"விளையாடாத. தேஞ்ச இடம் மங்கிப்போய் மழமழன்னு இருக்கும். இங்க பாரு, மூக்கு இருக்கவேண்டிய இடத்துலயும் அந்தக் காலத்துப் பளபளப்பு அப்படியே இருக்கு. சாய்ச்சுப் பிடிச்சா வெளிச்சம் சுத்தி வரும். இது ஒருத்தர் கையிலயும் புழங்காத காசு. முதல் தரம். புதுக்கருக்கு."

"சாய்ச்சுப் பிடிக்க வெளிச்சம் வேணுமே," என்றாள் அவள். "உங்களுக்கென்ன, ஜன்னல் உங்ககிட்ட இருக்கு."

எந்தப் பேச்சை எடுத்தாலும் அவள் கடைசியில் ஜன்னலில்தான் கொண்டுவந்து நிறுத்துவாள். எங்கள் வீட்டில் வெளிச்சம் வருகிற ஜன்னல் ஒன்றே ஒன்று, முன்னறையில். அதன் கீழே ஒரு மேஜை. மேஜை என்னுடையது. காசு பார்க்க இயற்கை வெளிச்சம் வேண்டும். அவளுடைய தையல் மெஷின் சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவே உள்ள இடைவழியில் இருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சீருடையும் அக்கம்பக்கத்தாருக்குச் சட்டையும் தைக்கிறாள். பள்ளி திறக்கிற சமயத்தில் தலை நிமிர மாட்டாள். அங்கே ஒரு பல்பு உண்டு. ஆறு வருடமாக மேஜையைக் கேட்கிறாள். ஆறு வருடமாக நான், "பல்ப மாத்தித் தரேன்" என்று சொல்லி வருகிறேன்.

அன்றைக்கு அவள் சண்டை போடவில்லை. நூலைக் கீழே வைத்தாள்.

"சரிங்க, ஒரு பந்தயம். உங்க சங்கத் தலைவர் வந்து இந்தக் காசைப் பாத்துப் புதுக்கருக்குன்னு சொல்லட்டும். ஜன்னல் காலத்துக்கும் உங்களுக்கே. நான் அந்தப் பேச்சே எடுக்க மாட்டேன். ஒரு படி இறக்கிச் சொன்னாலும் மெஷின் ஜன்னலுக்கு வரும், நீங்க இடைவழிக்குப் போகணும்."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பழங்காசு சங்கத்தின் தலைவர் என்றால் சாதாரண ஆள் இல்லை. பூதக்கண்ணாடி என்றுதான் எல்லோரும் அவரைக் கூப்பிடுவோம். அவர் கண்ணுக்கு அழுத்தக் குறைவு தெரியாமல் போகுமா? அவள் மனம் மாறுவதற்குள் பந்தயத்தை எழுத்தில் வாங்கிவிட வேண்டும் என்று தோன்றியது. மறுநாளே அச்சகத்தில் வழவழப்பான கெட்டித் தாளில், சுற்றிலும் கொடி வேலைப்பாட்டுடன் அச்சடித்துக் கொண்டுவந்தேன். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். அவள் அதைப் பத்திரமாக மெஷின் இழுப்பறையில் வைத்துக்கொண்டாள்.

தலைவருக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. மூன்று மாதம் எதையும் உற்றுப் பார்க்கக் கூடாது என்று டாக்டர் உத்தரவு. மூன்று மாதம்தானே, காத்திருக்கலாம் என்றேன். அவளும் காத்திருக்கலாம் என்றாள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். கல்யாணமான பதினேழு வருடத்தில் நாங்கள் ஒரே விஷயத்தை ஒரே நாளில் ஒப்புக்கொண்டதே கிடையாது.

அதற்குப் பிறகு அவள் நடந்துகொண்ட விதம் இருக்கிறதே, நான் உருகிப்போனேன். அளவு கொடுக்க யார் வந்தாலும் சும்மா அனுப்ப மாட்டாள்.

"ஏங்க, டீச்சர் வந்திருக்காங்க. அந்த மூக்கைக் கொஞ்சம் காட்டுங்களேன்."

"ஏங்க, மருந்துக்கடைக்காரர் வந்திருக்கார். அந்த அழுத்தக் குறைவைச் சொல்லுங்களேன்."

என் அருமையை ஒருவழியாகப் புரிந்துகொண்டாள் என்று நினைத்தேன். சங்கக் கூட்டத்தில் நான் பேசினால்கூட ஏழு பேர்தான் வருவார்கள், அதில் இரண்டு பேர் தூங்குவார்கள். என் வீட்டில் இரண்டு நாளைக்கு ஒரு புது ஆள்.

யார் வந்தாலும் முறை தவற மாட்டேன். முதலில் உரை. "மனுஷ விரல்ல எண்ணெய் இருக்கு, வேர்வை இருக்கு. செம்புக்கு ரெண்டும் விஷம். ஒரு விரல் பட்டாப் போதும், பளபளப்பு செத்துப்போகும்." அடுத்து கையுறை. வெள்ளைப் பருத்திக் கையுறை, என்னிடம் ஒரே ஜோடிதான். அதை வந்தவருக்கு மாட்டிவிடுவேன். காசை ஓரத்தில் மட்டும் பிடிக்கச் சொல்வேன். அதன்பிறகுதான் மூக்கு.

எதிர்வீட்டில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர் ஒருவர் இருக்கிறார். அவருக்கு எதையும் மூன்று தடவை சொல்ல வேண்டும். அவரும் தன் மாணவர்களுக்கு அப்படித்தான் சொல்வாராம்.

"மூக்கு எங்க சார்?"

"இல்ல சார். அதான் விஷயமே."

"இல்லாததை எப்படி சார் பாக்கறது?"

"இருந்திருக்கவேண்டிய இடத்தைப் பாருங்க. இதோ, இங்க."

"எங்க?"

"இங்க சார், என் விரல் இருக்கு பாருங்க, இங்க."

"நல்லா விரலை வெச்சுக் காட்டுங்க," என்றாள் என் மனைவி, அவர் தோளில் அளவு நாடாவைப் பிடித்தபடி. "பாவம், கண்ணாடியை வீட்டுல வெச்சுட்டு வந்துட்டார்."

கட்டைவிரலால் அழுத்திக் காட்டினேன். அவருக்கும் புரிந்தது.

மூன்று மாதம் கழிந்து ஒரு ஞாயிறு காலை பத்து மணிக்குத் தலைவர் வந்தார். என் மேஜையில், என் ஜன்னலோரம் உட்காரவைத்தேன். பையிலிருந்து லென்ஸை எடுத்தார். கையுறை போட்டுக்கொண்டார். காசைச் சாய்த்தார், நிமிர்த்தினார், திருப்பினார், சிங்கத்தின் வயிற்றைப் பார்த்தார். பதினைந்து நிமிடம். என் மனைவி கதவருகே நின்று ஒரு சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

"அழுத்தக் குறைவுதான்," என்றார் தலைவர். "சந்தேகமே இல்ல. மூக்கு தேஞ்சு போகல. விழவே இல்ல."

நான் என் மனைவியைப் பார்த்தேன். அந்தப் பார்வைக்காகத்தான் மூன்று மாதம் காத்திருந்தேன். அவள் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப புதுக்கருக்கு," என்றேன்.

"இருங்க. கிரீடம் புதுக்கருக்கு. தாடி புதுக்கருக்கு. மூக்கு இருக்கவேண்டிய இடத்துல மட்டும் பளபளப்பு செத்துக் கிடக்கு. பழைய சேதம் இல்ல, இப்ப நடந்தது. யாரோ திரும்பத் திரும்ப அதே இடத்துல விரலை வெச்சிருக்காங்க. செம்புல ரேகையே ஏறிப்போச்சு."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. திரும்பி நின்றேன்.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேன். தொடாதேன்னு சட்டமே போட்டேன். நான் வேலைக்குப் போன நேரத்துல எடுத்துத் தேச்சிருக்கே."

"நான் தொடலங்க."

"பின்ன யாரு? வீட்டுல வேற யாரு இருக்கா?"

"அதுக்கு எதுக்குச் சண்டை? ரேகை இருக்குன்னு சொல்றாரே. யாரு ரேகைன்னு பாத்தாப் போச்சு." அவள் தன் இரண்டு கட்டைவிரல்களையும் தலைவரிடம் நீட்டினாள். "ஐயா, பாருங்க."

தலைவர் அவள் விரல்களைப் பார்த்தார். காசைப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

"இது பெரிய விரல். குறுக்கே ஒரு கோடு ஓடுது. வெட்டுக்காயத் தழும்பு."

என் வலது கை தானாகச் சட்டைப் பைக்குள் போயிற்று.

"வெளிய எடுங்க," என்றார் தலைவர்.

எடுத்தேன். இருபத்திரண்டு வருட அனுபவத்தில் நானே இவ்வளவு தெளிவான பதிவைப் பார்த்ததில்லை. ராஜாவின் நடுமுகத்தில் என் சான்றிதழ் ஒரு கோடு பிசகாமல் விழுந்திருந்தது. அழுத்தத்தில் ஒரு குறையும் இல்லை.

"ஒரு படி கீழ," என்றார் தலைவர். "லேசாப் புழங்கியது."

"புழங்கினதா? கடை வாசலையே பாக்காத காசு சார் இது."

"வீட்டுக்குள்ளயே புழங்கியிருக்கு."

அவர் போனதும் நான் நாற்காலியில் விழுந்தேன். அவள் இழுப்பறையைத் திறந்து கெட்டித் தாளை எடுத்துவந்து மேஜைமேல் வைத்தாள். கொடி வேலைப்பாடு நன்றாகத்தான் வந்திருந்தது.

"நீதானே ஊரையே கூட்டிக்கிட்டு வந்தே?"

"ஆமா. அவங்க யாரும் தொடலையே. எல்லாருக்கும் கையுறை மாட்டிவிட்டீங்களே."

"என் விரல் படுதுன்னு உனக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"டீச்சர் வந்தாங்களே, அன்னிக்கே."

"ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சட்டம் போட்டவருக்கே சட்டம் சொல்லித் தரதா? ஒரு விரல் பட்டாப் போதும்னு முப்பத்தெட்டு பேர்கிட்ட நீங்களே சொன்னீங்க. நான் முப்பத்தெட்டு தடவையும் பக்கத்துல நின்னு கேட்டேன். நீங்க ஒரு தடவை கேட்டிருந்தாப் போதும்."

மேஜையைக் காலி செய்தேன். மெஷினைத் தள்ளிக்கொண்டு வர நானே கை கொடுத்தேன், வேறு ஆள் இல்லை. என் காசுப் பெட்டிகள் இடைவழிக்குப் போயின. நானும் போனேன்.

பல்பைப் போட்டேன். பெட்டியைத் திறந்து காசைச் சாய்த்துப் பிடித்தேன். எதுவும் சுற்றி வரவில்லை. இப்படித் திருப்பினேன், அப்படித் திருப்பினேன். கையில் இருப்பது ராஜாவா சிங்கமா என்றே தெரியவில்லை. கண்ணில் நீர் வந்ததுதான் மிச்சம். இந்த வெளிச்சத்தில்தான் ஆறு வருடமாக அவள் ஊசியில் நூல் கோத்திருக்கிறாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அதை அவளிடம் சொல்லலாம் என்று இரண்டு தடவை எழுந்தேன். இரண்டு தடவையும் உட்கார்ந்துவிட்டேன். எழுந்து போய்ச் சொன்னால் அதையும் முப்பத்தொன்பதாவது ஆளிடம் சொல்வாள்.

சாயங்காலம் டீச்சர் வந்தார், தன் பையனின் சட்டையை வாங்க. அவருடைய குரல் இடைவழிக்கு நன்றாகக் கேட்டது. அங்கே வெளிச்சம்தான் வராது, சத்தம் தாராளமாக வரும்.

"உங்க வீட்டுக்காரர் எங்க? பேச்சுச் சத்தமே இல்லையே. ஆளு தேஞ்சுட்டாரா?"

"தேய்மானம் இல்ல டீச்சர். அழுத்தக் குறைவு," என்றாள் என் மனைவி.

இரண்டு பேரும் சிரித்தார்கள். எட்டிப் பார்த்தேன். வெயில் மேற்கே சாய்ந்த பிறகும் ஜன்னலில் வெளிச்சம் மிச்சம் இருந்தது. அவள் ஊசியைத் தூக்கினாள், நூலை நீட்டினாள், முதல் தடவையிலேயே நூல் காதுக்குள் போய்விட்டது. அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து என் எரிச்சலில் பாதி போய்விட்டது. மீதிப் பாதியை வைத்துக்கொண்டு நான் காலத்தை ஓட்டிவிடுவேன் என்றுதான் நினைத்தேன்.

"ஏங்க," என்று கூப்பிட்டாள். "டீச்சர் பையனோட சட்டை அங்க கொடியிலதான் தொங்குது. அதைக் கொஞ்சம் எடுத்துக்கிட்டு வாங்களேன்."

சமாதானத்துக்கு இதைவிட நல்ல சமயம் வாய்க்காது என்று எழுந்தேன். கையை நீட்டினேன்.

"இருங்க, இருங்க. வெள்ளைச் சட்டை. அந்தக் கையுறையை மாட்டிக்கிட்டு எடுங்க."