மூன்று நகல்களில் ஒரு முயல்

ஒரு காட்டில் ஒரு சிங்கம் இருந்தது என்று ஆரம்பித்தால் பாதிப் பேர் எழுந்து போய்விடுவீர்கள். ஆகவே ஒரு காட்டில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. சிங்கத்துக்கு அங்கே வேலையில்லை. அது வருஷத்துக்கு ஒருமுறை ஆண்டுவிழாவுக்கு வந்து, ஒழுக்கத்தைப் பற்றிப் பேசிவிட்டு, பொன்னாடை வாங்கிக்கொண்டு போய்விடும்.

அந்தப் பள்ளியில் கணக்கு டீச்சர் ஒரு முள்ளம்பன்றி. பெயர் பொற்கொடி. ஒன்பது வருஷமாகத் தற்காலிக ஆசிரியை. வாய் கொஞ்சம் நீளம். வகுப்பில் கத்தினால் பக்கத்து மரத்துப் பழம் உதிரும். ஆனால் காலையில் வாசலில் நின்று, வருகிற ஒவ்வொரு குட்டியையும் "சாப்பிட்டியா கண்ணு?" என்று கேட்காமல் உள்ளே விட்டதில்லை. 'இல்லை' என்று எந்தக் குட்டியாவது சொன்னால், முதல் பாடவேளை முழுக்க அதற்குக் கிழங்கு கிடைக்கும், மற்றவர்களுக்குக் கணக்கு கிடைக்கும்.

ஒன்பது வருஷத்துக்குப் பிறகு இந்த வருஷம்தான் அவளை நிரந்தரம் ஆக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். மாத முடிவில் உத்தரவு வரவேண்டும். தலைமையாசிரியர் குளம்பை மையில் தோய்த்து ஒரு முத்திரை வைத்தால் முடிந்தது. அதனால் அந்த மாதம் மட்டும் பொற்கொடி வாயைக் கட்டிக்கொண்டு திரிந்தாள். அவளுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்பது அவளை அறிந்தவர்களுக்குத்தான் தெரியும்.

அந்த நேரம் பார்த்துத்தான் விவகாரம் வெடித்தது. அறிவியல் ஆசிரியர் தணிகாசலம் ஒரு காட்டுப்பூனை. நல்ல படிப்பாளி. பேசினால் தேன். அவர் சனிக்கிழமைகளில் தன் பொந்தில் சிறப்பு வகுப்பு எடுப்பார். அந்தப் பருவத்தில் மூன்று கோழிக்குஞ்சுகள் சிறப்பு வகுப்புக்குப் போயின. வகுப்பு முடிந்தது. குஞ்சுகள் திரும்பவில்லை. கோழிகள் எல்லாம் கூடி யானைத் தடத்தில் உட்கார்ந்து மறியல் செய்தன. இரண்டு நாள் காட்டில் போக்குவரத்தே இல்லை.

தலைமையாசிரியர் நாச்சிமுத்து ஒரு காட்டெருமை. நின்ற இடத்தை விட்டு நகர மாட்டார். அசை போட்டுக்கொண்டே யோசிப்பார், அல்லது யோசிப்பதாக நினைத்துக்கொண்டு அசை போடுவார். அவர் உடனே ஒரு குழு அமைத்தார். ஆசிரியர் மாணவர் தனிப்பேச்சுத் தடுப்புக் குழு. தலைவர், தணிகாசலம்.

"சார், அவரையேவா?" என்று பொற்கொடி கேட்டுவிட்டாள். கட்டிய வாய் அவிழ்ந்துவிட்டது.

"இந்த விஷயத்துல அவருக்குத்தாம்மா அனுபவம் அதிகம்" என்றார் நாச்சிமுத்து.

பொற்கொடி அவிழ்ந்த வாயை மறுபடி கட்டிக்கொண்டாள்.

ஒரு வாரத்தில் விதிகள் வந்தன. நாற்பத்தோரு விதிகள், எழுத்துப்பிழை இல்லாத தமிழில். வகுப்புக்கு வெளியே ஆசிரியர் மாணவரோடு பேசக்கூடாது. மாணவரைச் செல்லப்பெயரால் கூப்பிடக்கூடாது. கைப்பேசியில் தனியாகச் செய்தி அனுப்பக்கூடாது. சாப்பிட்டாயா, தூங்கினாயா, ஏன் முகம் வாடியிருக்கிறது போன்ற சொந்த விஷயங்களை விசாரிக்கவே கூடாது. தவிர்க்க முடியாமல் தனியாகச் சந்திக்க வேண்டுமானால் படிவம் பதினேழை மூன்று நகல்களில் நிரப்பி, பெற்றோர், சாட்சி, தலைமையாசிரியர் ஆகிய மூவரிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். கோழிகள் மறியலைக் கைவிட்டு, விதிகளைப் படித்துக் கண்கலங்கி, தணிகாசலத்துக்கு மாலை போட்டன.

மறுநாள் காலை பொற்கொடி வாசலில் நின்றாள். குட்டிகள் வந்தன. அவள் மேலே வானத்தைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தாள். குட்டிகளும் அவளைப் பார்க்காமல் உள்ளே போயின. அன்று கிழங்குப் பையைப் பிரிக்காமலே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோனாள்.

பத்து நாள் இப்படியே ஓடியது. பதினொன்றாம் நாள் அல்லி வந்தாள். அல்லி ஏழாம் வகுப்பு முயல். நாற்பத்திரண்டு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இருபத்தாறாவது. அமைதியான பெண். வகுப்பில் இருக்கிறாளா என்று இரண்டு தடவை எண்ணிப் பார்க்க வேண்டும்.

"டீச்சர், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

பொற்கொடி சுற்றும் முற்றும் பார்த்தாள். "தனியாப் பேசக்கூடாதுடி. படிவம் எழுதிக் குடு. குழுவுக்கு அனுப்பறேன்."

சொல்லும்போதே அவளுக்கு அவள்மேல் எரிச்சல் வந்தது. அல்லி படிவம் வாங்கி, மரத்தடியில் உட்கார்ந்து, காதைத் தொங்கப் போட்டுக்கொண்டு எழுதினாள். மூன்று நகல். கொடுத்துவிட்டு ஓடிவிட்டாள். பொற்கொடி படிக்காமல்தான் எடுத்துப்போனாள், அதாவது பாதி வழி வரைக்கும். 'பேச வேண்டிய பொருள்' என்ற கட்டத்தில் இப்படி இருந்தது: "அறிவியல் சார் சனிக்கிழமை மதியம் பொந்துக்கு வரச் சொல்றார். எனக்கு பயமா இருக்கு."

அவள் உடம்பிலிருந்த அத்தனை முள்ளும் எழுந்து நின்றது. நேரே நாச்சிமுத்துவிடம் போனாள்.

"சார், இதைப் படிங்க."

"நீங்க படிச்சீங்களா?"

"படிச்சேன் சார்."

"அது விதி முப்பத்தி மூணு. மாணவர் எழுதினதை குழுத் தலைவர் மட்டும்தான் படிக்கணும். போனாப் போகுது, நிரந்தரம் ஆகப்போறீங்க, நான் கேட்கலைன்னு வெச்சுக்கறேன். கொண்டுபோய் அவர்கிட்ட குடுங்க."

"அவரைப் பத்தித்தான் சார் எழுதியிருக்கு!"

"அப்ப அவர் கண்டிப்பாப் படிக்கணுமில்ல?" என்றார் நாச்சிமுத்து. அசை போடுவதை நிறுத்தவில்லை.

படிவம் தணிகாசலத்திடம் போனது. ஒரே மணி நேரத்தில் பதில் வந்தது. காட்டில் எந்த அலுவலகமும் அவ்வளவு வேகமாக வேலை செய்ததில்லை. "தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது. சனிக்கிழமைக்குப் பின் உரிய நடவடிக்கை எடுக்கப்படும்."

இனி என்ன செய்வது? அல்லியிடம் பேசினால் வேலை போகும். அவள் அப்பாவிடம் பேசினாலும் அதே கதைதான், பெற்றோருக்குச் சொல்வதெல்லாம் குழு வழியாகத்தான் போக வேண்டும். ஆனால் வகுப்பில் பாடம் நடத்தக்கூடாது என்று எந்த விதியும் இல்லையே! வெள்ளிக்கிழமை பொற்கொடி கரும்பலகையில் ஒரு கணக்கு எழுதினாள்.

"ஒரு பூனையின் பொந்துக்குள் முதல் வாரம் ஒரு குஞ்சு போனது. திரும்பவில்லை. இரண்டாம் வாரம் ஒன்று போனது. திரும்பவில்லை. மூன்றாம் வாரமும் அப்படியே. நான்காம் வாரம் ஒரு முயல் போனால், திரும்பி வருபவை எத்தனை?"

அவள் அல்லியையே பார்த்தாள். அல்லி நோட்டைப் பார்த்தாள். முன் பெஞ்சு அணில் கையைத் தூக்கியது.

"டீச்சர், இது பரீட்சைக்கு வருமா?"

"வரும்டா. சிலருக்கு நாளைக்கே வரும்."

"முயலையும் குஞ்சையும் எப்படி டீச்சர் கூட்டறது? வேற வேற இனமாச்சே?" என்றது ஒரு கீரி.

மொத்த வகுப்பும் அதைப் பற்றி விவாதித்தது. மணி அடித்தது. அல்லி விடையை எழுதாமலே நோட்டை மூடினாள். பொற்கொடி கரும்பலகையை அழிக்காமல் அப்படியே நின்றிருந்தாள்.

சனிக்கிழமை. போகக்கூடாது என்று காலையிலிருந்து தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஒன்பது வருஷம்டி, ஒன்பது வருஷம் என்றாள். இன்னும் ஆறு நாள்தான் என்றாள். மதியம் சும்மா காலாற நடந்துவிட்டு வருவோம் என்று கிளம்பினாள். கால் எங்கே போனது என்று சொல்ல வேண்டியதில்லை.

பொந்துக்குள் அல்லி ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தாள். தணிகாசலம் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு படிவம் பதினேழை வரிவரியாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். அவர் எதையும் முறைப்படி செய்கிற ஆள். அந்தக் குணம் இல்லாவிட்டால் அல்லி அதற்குள் முடிந்திருப்பாள்.

"டீச்சர், நீங்க அனுமதி வாங்கிட்டு வந்தீங்களா?" என்றார்.

முள்ளம்பன்றி முன்னால் பாய்ந்து சண்டை போடாது. திரும்பி நின்று, பின்பக்கமாக ஓடிவந்து மோதும். பார்க்க அவ்வளவு மரியாதையாக இருக்காது. பொற்கொடி அன்றைக்கு மரியாதையைப் பார்க்கவில்லை. பதினோரு முள் தணிகாசலத்தின் மூக்கில் இறங்கியது. கண்ணாடி ஒருபக்கம், படிவம் ஒருபக்கம். அல்லியைக் கவ்வி எடுத்து ஆற்றங்கரை வரை கொண்டுவந்து, தண்ணீர் கொடுத்து, மூச்சு வாங்க, "சாப்பிட்டியாடி கண்ணு?" என்று கேட்டாள் பொற்கொடி. ஆற்றங்கரையில் இருந்த ஒரு கொக்கு அதைக் குறித்துக்கொண்டது.

திங்கட்கிழமை விசாரணை. மூக்கில் கட்டோடு தணிகாசலம் ஒருபக்கம், பொற்கொடி மறுபக்கம். நடுவில் நாச்சிமுத்து, வழக்கமான இடத்தில். சுற்றிலும் பெற்றோர் கூட்டம்.

"விடுமுறை நாளில் மாணவியைச் சந்தித்தது. படிவம் இல்லை. தொட்டுத் தூக்கியது. படிவம் இல்லை. கண்ணு என்று அழைத்தது. சாப்பிட்டாயா என்று விசாரித்தது" என்று வாசித்தார். "மறுக்கறீங்களா?"

"சார், அவர் அவளைத் தின்னப் பார்த்தார்!"

"அதைத்தான் பார்க்கப்போறோம்" என்று தணிகாசலத்தின் படிவத்தை எடுத்தார். உரக்கப் படித்தார். "மாணவியின் பெயர்: அல்லி. சந்திப்பின் நோக்கம்: மேற்படி மாணவியைத் தின்பது. ஆகும் நேரம்: பதினைந்து நிமிடம். மாணவி வீடு திரும்பும் நேரம்: பொருந்தாது."

"நான் எதையும் மறைக்கலீங்க சார்" என்றார் தணிகாசலம் அடக்கமாக.

"கையெழுத்து?" என்று நாச்சிமுத்து கீழே பார்த்தார். சாட்சி இடத்தில் மலைப்பாம்பு. தலைமையாசிரியர் இடத்தில் ஒரு குளம்பு, யாருடையது என்று கேட்க வேண்டியதில்லை. பெற்றோர் இடத்தில் ஒரு முயல்.

அல்லியின் அப்பா முன்னால் வந்து நின்றார். "வீட்ல நாப்பத்திரண்டு பேருங்க சார். தினமும் யாராவது ஒரு தாளை நீட்டுவாங்க. எங்கேப்பா போடணும்னு கேப்பேன். காட்டுன இடத்துல போட்டுருவேன். எல்லா அப்பனும் அப்படித்தானே சார் போடறான்?"

அங்கிருந்த அப்பாக்கள் எல்லோரும் குனிந்து தங்கள் பாதங்களைப் பார்த்தார்கள்.

நாச்சிமுத்து நெடுநேரம் அசை போட்டார். பிறகு தீர்ப்பு சொன்னார். "தணிகாசலம் சார் நாற்பத்தோரு விதிகளில் ஒன்றைக்கூட மீறவில்லை. டீச்சர் நான்கை மீறியிருக்கிறார். இன்றோடு இவர் பணிநீக்கம்."

கோழிகள் கைதட்டின. இனியாவது தங்கள் பிள்ளைகளிடம் யாரும் தனியாகப் பேச மாட்டார்கள் என்று அவற்றுக்கு நிம்மதி.

பொற்கொடி சாக்பீஸ் டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். அழக்கூடாது என்றுதான் வந்தாள். வேலிக்கு வெளியே வந்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது. ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து நன்றாக அழுதாள்.

உள்ளே வகுப்பில் வருகைப்பதிவு நடந்தது. அல்லியின் பெயரைக் கூப்பிடவில்லை. அவள் நாச்சிமுத்துவிடம் போய் நின்றாள்.

"உன் பேரை சனிக்கிழமையே அடிச்சாச்சும்மா" என்றார் அவர். "படிவம் நிறைவேறியதாகக் கணக்கு."

"நான் இங்கதான் சார் நிக்கறேன்."

"நிக்கலாம். படிக்க முடியாது. தின்னப்படலைன்னு ஒரு சான்றிதழ் வாங்கிட்டு வா. சம்பந்தப்பட்ட ஆசிரியர் தரணும்."

"தாராளமாத் தர்றேன் சார்" என்றார் தணிகாசலம், மூக்குக் கட்டுக்கு மேலாக. "சனிக்கிழமை பொந்துக்கு வந்து வாங்கிக்கச் சொல்லுங்க."

அல்லி பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். பொற்கொடி உட்கார்ந்திருந்த கல்லின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளை வெளியே அனுப்பிவிட்டார்கள் என்று கேட்டதும் பொற்கொடி ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள். பிறகு அதற்கும் விதி இல்லை என்று நினைத்து இன்னொன்றும் சொன்னாள். இவள் இப்போது டீச்சர் இல்லை. அவள் மாணவி இல்லை. பதிவேட்டின்படி அவள் உயிரோடே இல்லை. காட்டில் நாற்பத்தோரு விதியும் தொட முடியாத இரண்டு பேர் அவர்கள்தான்.

"வெள்ளிக்கிழமை நீங்க போட்ட கணக்கு எனக்கு அப்பவே புரிஞ்சுது டீச்சர்" என்றாள் அல்லி.

"புரிஞ்சுதா? அப்புறம் ஏண்டி போன?"

அல்லி பையின் வாரை முறுக்கினாள்.

"அப்பாவே கையெழுத்துப் போட்டுட்டாரு டீச்சர். உங்ககிட்ட சொல்ல வந்தேன், படிவம் குடுத்தீங்க. வேற யார்கிட்டப் போறது?"

பொற்கொடி முட்களை மடக்கிக்கொண்டு, குத்தாத அளவுக்கு நெருங்கி உட்கார்ந்தாள். அதற்கப்புறம் அல்லி பேசினாள். வெயில் இறங்கும்வரை பேசிக்கொண்டே இருந்தாள்.

நீதி: ஆசிரியரும் மாணவரும் மனம்விட்டுப் பேசுவதை யாரும் தடுக்கவில்லை. ஒருவருக்கு வேலை போயிருக்க வேண்டும், இன்னொருவர் செத்துப்போயிருக்க வேண்டும். அவ்வளவுதான்.