இருட்டில் கிடைத்த மாமனார்

பயப்படுவதற்கு எனக்குக் காரணம் எதுவும் தேவையில்லை. பஸ் வராவிட்டால் பயப்படுவேன்; நேரத்துக்கு வந்துவிட்டால் பிரேக் இருக்கிறதா என்று பயப்படுவேன். அப்படிப்பட்ட நான் பெண் வீட்டாரோடு படத்துக்குப் போய் உட்கார்ந்தேன் என்றால், அதற்குக் கல்யாணத் தரகர்தான் பொறுப்பு.

அப்போது ஹட்டனில் ஒரு இரும்புக் கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். பெண் செல்வி, நல்லதண்ணிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். அவளுடைய அப்பா அங்கே கங்காணி. மாப்பிள்ளை ஓ.எல் பரீட்சை பாஸ் என்று தரகர் அவரிடம் அடித்து விட்டிருந்தார். நானோ எட்டாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். "அதெல்லாம் கல்யாணத்துக்குப் பொறகு பேசிக்கலாம்" என்றார் தரகர். எனக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை செல்வியோடு ஹட்டனுக்கு வந்த கங்காணி, "அப்புடியே ஒரு படம் பாத்துட்டு முடிவச் சொல்றோம் தம்பி" என்றார்.

எங்கள் ஊர் தியேட்டருக்கு முதலாளி, டிக்கெட் கிழிப்பவர், டார்ச் அடிப்பவர் எல்லாம் ஒரே ஆள்தான். தோட்டத்து பஸ் வந்து சேராமல் படத்தை ஆரம்பிக்கமாட்டார். தகரக் கூரை, மர நாற்காலி, உள்ளேயும் வெளியே இருக்கிற அதே குளிர். (எங்களுக்கு அது அரண்மனை.)

கங்காணி வெள்ளை மான் போட்ட பச்சை சுவெட்டரில் வந்திருந்தார். இருட்டில் கண்டுபிடிக்க நல்ல அடையாளம் என்று நிம்மதியாக இருந்தது. அந்த வருடம் நுவரெலியா நடைபாதைக் கடைகளில் அதே சுவெட்டர்தான் மலையாகக் குவிந்து கிடந்தது என்பது என் புத்திக்கு எட்டவில்லை.

இடைவேளையில் வடை வாங்கப் போனேன். வரிசையில் நின்றபடியே உண்மையைச் சொல்ல ஒத்திகை பார்த்தேன். திரும்பி வரும்போது படம் தொடங்கிவிட்டது. இடைவேளைக்கு முன்னால் செத்துப்போன கதாநாயகன் ஆடிக்கொண்டிருந்தான். அந்தக் குழப்பம் தீருவதற்குள் டார்ச் வெளிச்சத்தில் ஒரு மான் தெரிந்தது. பக்கத்து நாற்காலியும் காலி. உட்கார்ந்து வடைப் பொட்டலத்தை நீட்டினேன். வாங்கிக்கொண்டார். (பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி இருந்தது.)

அந்த நேரம் பார்த்து மழை பிடித்தது. தகரத்தில் விழுந்த சத்தத்தில் படமே ஊமையாகிவிட்டது. அவர் காதில் கத்தினேன்.

"தரகர் சொன்னது பொய்ங்க மாமா!"

"எந்தத் தரகர்?"

கோபத்தில் தரகரையே தெரியாது என்கிறார் என்று நினைத்து இன்னும் பயந்துபோனேன். கண்ணை மூடிக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து கத்தினேன். நான் வாயைத் திறக்கவும் மழை சட்டென்று நிற்கவும் சரியாக இருந்தது.

"நான் ஓ.எல் இல்லீங்க! எட்டாம் ஆண்டோட நின்னுட்டேன்! ஆனா ஒங்க மகள நல்லா வச்சிக்குவேன்!"

வடை வாயோடு அந்த மனிதர் என்னைப் பார்த்தார். "தம்பி, எனக்கு மூணும் பயலுக."

சண்டை என்று நினைத்து முதலாளி லைட்டைப் போட்டுவிட்டார். பின் வரிசையில் இன்னொரு பச்சை சுவெட்டர். பக்கத்தில் சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டு செல்வி. தியேட்டர் முழுக்க என்னையே பார்க்கிறது. இனி எந்த ஊருக்கு ஓடுவது, அங்கே இரும்புக் கடை இருக்குமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

கங்காணி முன்னால் குனிந்தார். "எட்டாம் ஆண்டா?"

"ஆமாங்க."

அவர் வடை வாயோடு இருந்த மனிதரை ஒரு தரம் பார்த்தார். பிறகு, "சரி, அந்த ஆளுகிட்டதான் பொண்ணு இல்லையாமே. இங்கிட்டு வாங்க, எங்கிட்ட ஒண்ணு இருக்கு" என்றார்.

"அப்பா, மொதல்ல அந்த வடைய வாங்கிட்டு வரச் சொல்லுங்க" என்றாள் செல்வி.

செத்தவன் எப்படி எழுந்து ஆடினான் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. கேட்டால் வீட்டில் யாரும் சொல்வதில்லை. இன்றும் குடும்பத்தோடு அங்கே படத்துக்குப் போகிறோம். முதலாளி முதலில் என் மூஞ்சியில் டார்ச் அடிப்பார், அப்புறம் கங்காணியின் மூஞ்சியில். "மாமனார் இவருதாங்க. நல்லாப் பாத்துக்குங்க" என்பார்.

வடைப் பொட்டலத்தைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்ட பிறகுதான் செல்வி என்னை இருட்டுக்குள் விடுவாள்.