பெரிய மேசைக்கு ஓர் அம்பு

மனித குலம் கண்டுபிடித்த கருவிகளிலேயே மிக எளிமையானது வில் என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. வளைந்த குச்சி ஒன்று, கயிறு ஒன்று, முடிந்தது. அந்த ஆதி எளிமைக்குத் திரும்புவது என்று வெண்டல் முடிவெடுத்தார். எளிமை வந்து இறங்கியதும் கராஜில் இடம் போதவில்லை. காரை வெளியே நிறுத்தினார்.

அவரைக் குறை சொல்ல வேண்டாம். மிசௌரி மாநிலத்தில், காஸ்கனேட் ஆற்றங்கரையில் பெண் எடுத்தவர் அவர். மாமனார் ஆர்வில் ஸ்டெகமன் வீட்டில் எழுதப்படாத அரசியல் சாசனம் ஒன்று உண்டு. அன்னையர் தின விருந்தில், வான்கோழி வேட்டையாடியவர்கள் ஓக் மரப் பெரிய மேசையில் உட்காரலாம். ஆடாதவர்களுக்குச் சுவரோரம் மடக்கு மேசை, குழந்தைகளோடு. செயிண்ட் லூயிஸ் நகரில் பல் காப்பீட்டு அலுவலகம் ஒன்றின் மேற்பார்வையாளரும், இருபது பேரை எழுந்து நிற்கவைக்கும் அதிகாரம் படைத்தவருமான வெண்டல், கல்யாணமான நாள் முதலாக அந்த விருந்தில் முழங்காலை மார்புக்கு மடக்கி, மூடி போட்ட பிளாஸ்டிக் கோப்பையில் பால் குடித்து வந்தார். இந்த வருஷம் ஒரு சித்தப்பா அரிசோனாவுக்குக் குடிபோய்விட்டார். பெரிய மேசையில் ஒரு நாற்காலி காலி.

ஸ்டெகமன் வீட்டார் எல்லாரும் துப்பாக்கிக்காரர்கள். வெண்டலின் மனைவி நடீன் பன்னிரண்டு வயதில் முதல் வான்கோழிச் சேவலை அடித்தவள். இந்த வேட்டைப் பருவத்துக்குச் சட்டம் அனுமதித்த பங்கையும் இரண்டு வாரத்திலேயே முடித்துவிட்டாள். துப்பாக்கியால் அடித்தால் நாற்காலி கிடைக்கும், அம்பால் அடித்தால் நாற்காலியோடு மரியாதையும் கிடைக்கும் என்று வெண்டல் கணக்குப் போட்டார்.

அவர் வாங்கிய வில்லை நியாயமாகப் பாராட்டத்தான் வேண்டும். சாதாரண வில்லில் நாணை இழுக்க இழுக்கப் பாரம் கூடும். இதன் இரு நுனிகளிலும் கப்பிகள். பாதி வழி வரைதான் பாரம். அதைத் தாண்டியதும் கப்பி உருண்டு பெரும்பங்கைத் தானே சுமந்துகொள்ளும். பறவை வாகாகத் திரும்பும் வரை நாணைக் கன்னத்தோடு வைத்துக் காத்திருக்கலாம். அருமையான ஏற்பாடு. விரலால் நாணைப் பிடித்தால் நடுக்கம் அம்புக்குப் போகும் என்பதால், மணிக்கட்டில் கட்டிக்கொள்ள ஒரு கொக்கி. கொக்கியை விடுவிக்க ஒரு விசை. குறி பார்க்க நாணின் நடுவே குட்டி வளையம். தூரம் அளக்க ஒரு கருவி. ஒளிந்திருக்க ஒரு கூடாரம். உடல்வாடையைப் போக்கும் 'விசேஷ' சோப்பு. வான்கோழிக்கு மோப்பம் கிட்டத்தட்ட கிடையாது என்பதைக் கடைக்காரர் சொல்லவில்லை. வெண்டலும் கேட்டு அவரைச் சங்கடப்படுத்தவில்லை.

பருவத்தின் கடைசி நாள் விடியலில், மாமனாரின் புல்வெளி ஓரம் கணவனும் மனைவியும் கூடாரத்துக்குள் அமர்ந்தார்கள். கூடாரத்தின் உட்புறம் முழுக்கக் கருப்பு. உள்ளே இருப்பவரும் கருப்பு உடுத்தினால் வெளியிலிருந்து பார்க்க வெறும் இருட்டுத்தான் தெரியும். நடீன் பழைய கருப்பு ஸ்வெட்டரில் இருட்டோடு கரைந்துபோனாள். இலையும் கிளையும் அச்சடித்த புத்தம்புது உடுப்பில் வெண்டல் தளிர்விட்ட புதராக வீற்றிருந்தார்.

"உள்ள கருப்பு போடணும்னு சொன்னேன்ல?" என்றாள் நடீன், கிசுகிசுப்பாக.

"வேடர்கள் இதத்தான் போடுறாங்களாம். கடையில சொன்னாங்க."

"வெளிய நிக்கிற வேடர்கள் போடுவாங்க, வெண்டல்."

எதிரே புல்லில், கம்பியில் செருகிய ரப்பர் பொம்மை ஒன்று நின்றது. அது ஒரு விடலைச் சேவல். தன் எல்லைக்குள் ஒரு விடலை வந்து நிற்பதை முதிர்ந்த சேவல் பொறுக்காது. வேறு எதையும் கவனிக்காமல் சண்டைக்கு வந்துவிடும். பொம்மைக்கு இருக்கும் ஒரே வேலை அசையாமல் நிற்பது. அந்த வேலையை அது செவ்வனே செய்துகொண்டிருந்தது.

நடீன் கையடக்கக் கற்பலகையில் குச்சியைத் தேய்த்துப் பெட்டை வான்கோழியின் குரல் எழுப்பினாள். மேட்டிலிருந்து ஒரு சேவல் கொளகொளவென்று பதில் சொன்னது. வெண்டலின் கைகால்கள் தனித்தனியே இயங்கத் தொடங்கின.

"என்ன, நடுங்குறியா?"

"குளிருது."

"மே மாசம் இது."

சேவல் வாலை விசிறியாக விரித்துக்கொண்டு, சிவந்த தலையோடு மேட்டிலிருந்து இறங்கியது. வெண்டல் முறைப்படி தூரக் கருவியைக் கண்ணில் வைத்தார். அரை கஜம் என்றது கருவி. அரை கஜத்தில் நிற்கிறது என்று பதறி மனைவியிடம் சொன்னார்.

"அது கூடாரத்து ஜன்னல் வலைடா," என்றாள் நடீன். "வலைய வேட்டையாட வரல நாம."

அடுத்து, கொக்கியை நாணில் மாட்டுவதாக எண்ணித் தன் முகமூடித் துணியில் மாட்டி இழுத்தார். உலகம் இருண்டது. நடீன் எட்டி, சத்தமில்லாமல் கழற்றி, நாணில் மாட்டிவிட்டாள். இதற்குள் அம்பு தாங்கியிலிருந்து நழுவித் தரையில் 'டங்' என்றது. சேவலுக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. விடலையைச் சுற்றிச் சுற்றி வந்து, நெஞ்சால் இடித்துக்கொண்டிருந்தது.

இப்போது வெண்டல் அம்பை எடுத்துத் திரும்பத் தாங்கியில் வைத்து, வில்லை வளைத்தார். கப்பி உருண்டது, பாரம் இறங்கியது, எல்லாம் சொன்னபடியே நடந்தன. பயிற்சி வகுப்பில் கற்றுத்தந்த தலையாய விதி நினைவுக்கு வந்தது: பறவை முழுவதையும் பார்க்காதே, மனம் கலங்கும், இறக்கையின் அடியில் ஒரே ஓர் இறகைத் தேர்ந்தெடு, அதை மட்டுமே பார். வெண்டல் தேடினார். வளையத்துக்குள் இறகுகள் வந்தன, போயின, சுழன்றன. ஓர் இறகு மட்டும் ஆடாமல் அசையாமல் நின்றது. அதைத் தேர்ந்தெடுத்தார். விசையைத் தட்டினார்.

அம்பு அந்த இறகிலேயே பாய்ந்தது. மயிரிழை பிசகவில்லை.

"விழுந்துடுச்சு," என்றார் வெண்டல், மூச்சு வாங்கியபடி.

நடீன் வலை வழியே எட்டிப் பார்த்தாள். "ஆமா," என்றாள் பிறகு. "விழுந்தது நம்மளுது."

விழுந்த விடலையின் மேல் சேவல் ஏறி நின்று மிதித்தது, கொத்தியது, புரட்டியது. இரண்டாம் அம்பு தொடுக்க வேண்டிய அவகாசத்தைப் போல இரண்டு மடங்கு கொடுத்தது. வெண்டல் பரபரவென்று எழுந்தே வளைத்தார். மேல் கப்பி கூடாரக் கம்பியில் இடித்தது. கூடாரம் மொத்தமும் குலுங்க, சேவல் தலை நிமிர்ந்து, இருட்டுக்குள் ஒரு புதர் நடுங்குவதைக் கண்டது. ஓடிப்போயிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். நடந்தே போனது.

அன்னையர் தினத்தன்று வெண்டல் பொம்மையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு விருந்துக்குப் போய், ஹாம் இறைச்சியும் ருபார்ப் தண்டு இனிப்புப் பண்டமும் காத்திருக்க, பெரிய மேசையின் முன் மேல்முறையீடு செய்தார். சாசனத்தில் 'வான்கோழி' என்றுதான் இருக்கிறதே தவிர, உயிருள்ளதா ரப்பரா என்று இல்லை என்று வாதிட்டார். காப்பீட்டு அலுவலகத்தில் இத்தகைய வாதங்களை அவரே தினமும் நிராகரிப்பவர் என்பதால் வாதம் குறையில்லாமல் வந்தது. மைத்துனன் ராய்ஸ் சிரித்துச் சிரித்து நாப்கினால் முகத்தை மூடிக்கொண்டான். நடீன் சாட்சி சொல்ல அழைக்கப்பட்டாள். நடந்ததை நடந்தபடி சொன்னாள். முகமூடியை மட்டும் விட்டுவிட்டாள். மனைவி என்றால் அப்படி இருக்க வேண்டும்.

மாமனார் ஆர்வில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பொம்மையை மடியில் கிடத்தி, துளைக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

"இறக்கை அடியில, சரியான எடம்," என்றார். "இவ்வளவு சுத்தமா நானே அடிச்சதில்ல."

"நன்றி சார்," என்றார் வெண்டல். கை தானாகவே காலி நாற்காலியின் முதுகைப் பற்றியது.

ஆர்வில் எழுந்தார். அந்த நாற்காலியை மரியாதையோடு இழுத்து, அதில் பொம்மையை உட்காரவைத்து, கழுத்தில் நாப்கினையும் செருகினார்.

"அன்னிக்கு அந்தக் காட்டுல நடுங்காம நின்னவன் இவன் ஒருத்தன்தான்," என்றார், மடக்கு மேசைப் பக்கம் கையைக் காட்டியபடி. "அம்பு பட்டும் சத்தம் போடல. மிதி வாங்கியும் எடத்த விட்டு நகரல. வேடனுக்கு வேண்டியது எல்லாமே இவன்கிட்ட இருக்கு, வெண்டல். சாமான்தான் ஒண்ணும் இல்ல."