பெண் பார்க்க வந்த கார்

மனிதர்கள் கொலை செய்கிற படம் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. மெஷின் கொலை செய்கிற படம் என்றால் உயிரை விடுவேன். (நான் விட்டதில்லை. ஒரு கார்தான் கண்ணை விட்டது. அந்தக் கதைதான் இது.)

காரணம் கேட்டால் வெட்கமில்லாமல் சொல்வேன். நான் நாலாம் கிளாஸைப் பாதியில் விட்டவள். கொச்சியில் மட்டாஞ்சேரிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது தமிழை எழுத்துக்கூட்டி வாசிப்பேன், மலையாளம் சமாளிப்பேன், இங்கிலீஷ் அறவே கிடையாது. சுள்ளிக்கல் தாண்டி ஒரு கொட்டகையில் புதன்கிழமை மத்தியானம் பழைய இங்கிலீஷ் படம் போடுவார்கள். மனிதர்கள் வருகிற படம் என்றால் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே இருப்பார்கள், எனக்குத் தூக்கம் வந்துவிடும். மெஷின் பேசுமா? லாரி, லிஃப்ட், மண் அள்ளுகிற வண்டி, எதுவும் வாயைத் திறக்காது. வரும், நசுக்கும், போகும். பி.ஏ. படித்தவருக்கு என்ன புரிகிறதோ அதுவே எனக்கும் புரியும்.

இன்னொன்றும் உண்டு. நம் படத்து வில்லனுக்கு ஒரு கதை இருக்கும். சின்ன வயதில் யாரோ அடித்தார்கள், தங்கையை யாரோ ஏமாற்றினார்கள் என்று. மெஷினுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. அதற்குக் கொல்லத் தோன்றியது, கொல்கிறது. (அவ்வளவுதான், போயேன்!) அதை எடுத்தவர்கள் கெட்டிக்காரர்கள். கத்தியைக் காட்டி யார் வேண்டுமானாலும் பயமுறுத்தலாம். வாசலில் சும்மா நிற்கிற வண்டியின் விளக்கு தானாக எரிகிறது என்று காட்டி வயிற்றைக் கலக்குவதற்கு மூளை வேண்டும். பஜாரில் மிளகு மூட்டையைப் பூக்கூடை மாதிரித் தூக்கும் தடியர்கள் எங்களுக்கு முன்வரிசையில் உட்கார்ந்து "எண்டம்மே!" என்று ஒருவரை ஒருவர் கட்டிக்கொள்வார்கள். அந்தக் காட்சிக்கே தனி டிக்கெட் போடலாம்.

எங்களுக்கு என்றால் எனக்கும் என் நாத்தனார் விசாலத்துக்கும். என் மாமியாருக்கு சினிமா என்றாலே தீட்டு. அதனால் புதன்கிழமை தோறும் நாங்கள் "தையல்காரனிடம்" போய்வந்தோம். அந்தக் கணக்கில் பார்த்தால் விசாலத்துக்கு ஒரு பீரோ நிறைய ரவிக்கை இருந்திருக்க வேண்டும்.

அந்த வருஷம் ஐப்பசியில் ஒரு படம் வந்தது. சிவப்புத் தீயணைப்பு வண்டி, டிரைவர் கிடையாது. அதுவே ஊரில் தீ வைக்கும். ஜனங்கள் அலறி அடித்துக்கொண்டு தீயணைப்பு நிலையத்துக்கு ஃபோன் பண்ணுவார்கள். மணி அடித்துக்கொண்டு யார் வருவார்? அதே ஆசாமிதான்! என்ன ஒரு யோசனை பாருங்கள். முதலில் ஊர்ப் பெரியமனிதர் ஒருவர் அதன் முன்னால் நின்று அதட்டுவார். சட்னி. அப்புறம் ஒரு பாதிரியார் அதன் தண்ணீர்க் குழாயை வெட்டுவார். அவரும் போனார். கடைசியில் ஒரு பெண், இரண்டு விளக்கையும் உடைத்து அதைக் குருடாக்கி, எல்லாரையும் மாடியில் ஏற்றிவிட்டு, பாட்டரி வயரைப் பிடுங்குவாள். வண்டி மலையிலிருந்து உருண்டு விழும். நாங்கள் அதை இரண்டு தடவை பார்த்தோம். இரண்டாம் தடவை தெரிந்தே பயந்தோம். அது இன்னும் ருசி.

இரண்டாம் தடவை பார்த்த வாரமே ஞாயிற்றுக்கிழமை விசாலத்தைப் பெண் பார்க்க வந்தார்கள்.

மூன்று ஜாதகம் ஏற்கெனவே தட்டிப் போயிருந்தது. மூன்றாவது ஆசாமி, பெண் அதிகம் சிரிக்கிறாள் என்று சொல்லி அனுப்பினான். அதற்கப்புறம் விசாலம் ஒரு மாதம் சிரிக்கவில்லை. இந்த நாலாவது பையன் எறணாகுளத்தில் இன்ஷூரன்ஸ் ஆபீசில் குமாஸ்தா. போட்டோவை அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைத்துக்கொண்டு, சாதம் வைக்கும் சாக்கில் பார்த்துக்கொண்டிருந்தாள். என் மாமியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"பாகீ, இதுவும் தட்டிப்போச்சுன்னா அவ ஒடைஞ்சு போயிடுவா. நீ ஒரு கோமாளித்தனமும் பண்ணப்படாது. கேசரியைக் கொண்டு வை, சிரிக்காதே, உள்ளே போ. கேட்டியா?"

"கேட்டேன்மா."

"வாயையே தெறக்காதே."

அதையும் கேட்டுக்கொண்டேன். (கேட்பதில் நான் எப்போதுமே கெட்டி.)

மாப்பிள்ளை வீட்டார் பாலக்காட்டிலிருந்து ஒரு கறுப்புக் காரில் வந்து இறங்கினார்கள். பையன், அவன் அம்மா, காரின் சொந்தக்காரரான தாய்மாமா. மாமா சொல்வதுதான் அந்தக் குடும்பத்தில் சட்டம். வந்தவர் பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. காரின் வம்ச வரலாறு சொன்னார்.

"இன்னி வரைக்கும் ஒரு கீறல் கிடையாதாக்கும்! பெத்த பிள்ளையைக்கூட நான் இப்படிப் பாத்துண்டதில்லை."

அன்றைக்கு நல்ல மழை, கூடவே கடலேற்றம். இரண்டும் சேர்ந்தால் எங்கள் சந்தில் உப்புத் தண்ணீர் கணுக்காலுக்கு மேல் நிற்கும். டிரைவர் காரை எங்கள் வாசலைப் பார்க்க நிறுத்திவிட்டு சாயா குடிக்கப் போயிருந்தார்.

நான் கேசரியை வைத்தேன். சிரிக்கவில்லை. உள்ளே திரும்பினேன். அப்போதுதான் வாசலில் ஹாரன் அடித்தது.

விட்டு விட்டு அல்ல. ஒரே மூச்சில், நிற்காமல். எட்டிப் பார்த்தேன். காருக்குள் ஆள் இல்லை.

எல்லாரும் எழுந்து வாசலுக்கு வந்தார்கள். கார் ஒரு உறுமு உறுமிற்று. ஒரு முழம் முன்னால் குதித்தது. நின்றது. மறுபடி உறுமி மறுபடி குதித்தது. நேராக எங்களைப் பார்த்து. ஹாரன் நிற்கவே இல்லை.

மாமா வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, காருக்கு நேர் எதிரே நின்று இரண்டு கையையும் தூக்கி அதட்டினார். "ஏய்! நில்லு! நில்லுங்கறேனோல்லியோ!"

அதோடு என் புத்தி கழன்றது. ஊர்ப் பெரியமனிதர் அப்படித்தான் நின்றார், அச்சு அசலாக. அடுத்த நிமிஷம் சட்னி.

"எல்லாரும் மச்சுக்கு ஏறுங்கோ!" என்று கத்தினேன். மாப்பிள்ளையின் அம்மா கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு ஏணியடிக்குப் போனேன். அந்த மாமி "எதுக்கு" என்றுகூடக் கேட்கவில்லை. பட்டுப்புடவையோடு அணில் மாதிரி ஏறினாள். ஏறிய கையோடு மச்சின் பலகைக் கதவை மூடி, அதன்மேல் உட்கார்ந்தும் கொண்டாள். நான் ஏணியின் நடுவில் நின்று தட்டினேன். திறக்கவில்லை. (நல்ல சம்பந்தி!)

சரி, இனி சாவுதான் என்று இறங்கி, மூலையில் இருந்த உலக்கையை எடுத்தேன். வாசலுக்கு ஓடினேன். மாமாவைத் தோளால் ஒரு தள்ளுத் தள்ளினேன். அவர் தண்ணீரில் உட்கார்ந்தார். நான் உலக்கையை ஓங்கிக் காரின் வலது கண்ணில் ஒரு போடு போட்டேன். கண்ணாடி தூள் தூளாகிவிட்டது.

"ஒண்ணு போச்சு!" என்று கூவினேன். இடது கண்ணுக்கு உலக்கையை ஓங்கும்போது யாரோ பின்னாலிருந்து அதைப் பிடித்தார்கள். மாப்பிள்ளை.

"நேரே நிக்காதீங்கோ மாமி, பக்கத்துலே வாங்கோ," என்று ஹாரனுக்கு மேலே கத்தினார். (என்னைவிட இரண்டு வயது பெரியவர், என்னை மாமி என்கிறார்!) பக்கவாட்டில் போய் பானெட்டைத் தூக்கினார். முகமெல்லாம் சிரிப்பு. "கண்ணு போயாச்சு. இனிமே தண்ணிக் குழாயைத்தானே வெட்டணும்?"

அடடா, இந்த மனிதரும் அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறார்!

கதவுக்குப் பின்னால் ஆறு கஜம் வெட்கத்தோடு நின்றிருக்க வேண்டிய எங்கள் விசாலம் வாசலுக்கே வந்துவிட்டாள். ஹாரனுக்கு மேலே கேட்கவேண்டுமே, தொண்டை கிழியக் கத்தினாள்.

"குழாய் இல்லை! குழாயை வெட்டினவர் பாதிரியார், அவர்தான் செத்தே போயிட்டாரே! பாட்டரி வயரைப் பிடுங்குங்கோ!"

அவர் பிடுங்கினார். ஹாரன் சட்டென்று நின்றது. அந்தப் பரிசுத்தமான நிசப்தத்தில், விசாலத்தின் வாயிலிருந்து கிளம்பிவிட்ட மீதி வாக்கியம் மட்டும் சந்து முழுவதும் கேட்டது.

"நானும் மன்னியும் அந்தப் படத்தை ரெண்டு தடவை பாத்தோம்!"

என் மாமியார் மெதுவாகத் திரும்பினார். "தையல்காரன் கடையிலேயா பாத்தேள்?"

பதில் சொல்ல நேரமில்லை. மாமா தண்ணீரிலிருந்து எழுந்து, காரின் உடைந்த கண்ணைத் தொட்டுப் பார்த்தார்.

"போறும். பொண்ணு பாக்க வந்தவாளை உலக்கையாலே அடிக்கற குடும்பம். இந்த சம்பந்தம் நமக்கு வேண்டாம். கெளம்புங்கோ எல்லாரும்!"

விசாலத்தின் முகத்தை நான் பார்த்தேன். இன்றுவரை எந்தப் படத்திலும் அப்படி ஒரு பயத்தை நான் பார்த்ததில்லை. பாவி, நான்தானே பண்ணினேன் என்று உலக்கையைக் கீழே போட்டேன்.

"அக்கா, கீழே எறங்கு. போலாம்," என்று மாமா ஏணியடியில் நின்று கூப்பிட்டார்.

மச்சின் பலகை இரண்டு விரல் அகலம் உயர்ந்தது. "ஏண்டீ பொண்ணே, உலக்கைக்காரி. என்னமோ படம்னேளே. யாரு அந்தப் பாதிரியார்? ஏன் செத்தார்?"

"அக்கா!"

"நீ சும்மா இருடா. அது தெரியாம நான் எறங்கறதா இல்லை."

நான் மாமியாரைப் பார்த்தேன். வாயைத் திறக்காதே என்று சொன்னவர் அவர்தானே. அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, "கேக்கறாளோல்லியோ, சொல்லித் தொலையேன்," என்றார்.

அவ்வளவுதான். ஏணியடியில் நின்று கதையை ஆரம்பித்தேன். மணி அடித்தேன், தண்ணீர் பீய்ச்சினேன், பெரியமனிதராகச் செத்தேன். நான் ஒரு காட்சியை விட்டால் விசாலம் எடுத்துக் கொடுத்தாள். அவள் தப்பாகச் சொன்னால் மாப்பிள்ளை திருத்தினார். அவர் திருத்தியது தப்பு என்று அவள் சண்டைக்குப் போனாள்.

"வண்டி மலையிலேர்ந்து விழறதுக்கு முன்னாடியே அது செத்தாச்சு."

"இல்லை. விழுந்தப்புறமும் ஒரு மணி அடிக்கும். நான் பாலக்காட்டுலே மூணு தடவை பாத்தேன்."

"மணியா? நிஜமாவா?" விசாலத்தின் கண் விரிந்தது. "அதுக்குள்ளே நாங்க எழுந்து வந்துட்டோமே! பஸ் போயிடும்னு."

"அதான் படமே! அது சாகலைன்னு அர்த்தம்."

விசாலம் சிரித்தாள். ஒரு மாதச் சிரிப்பையும் சேர்த்துச் சிரித்தாள். மாப்பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டே நின்றார், மணியை மறந்துவிட்டார்.

மேலே பலகை முழுக்கத் திறந்தது. அந்த மாமி தலையை நீட்டினாள். "பொண்ணும் பிள்ளையும் தனியாப் பேசணும்னு ஆராவது கேட்டேளா? இதுக்கு மேலே பேச என்ன பாக்கி? அந்தக் கேசரியை இங்கே கொண்டாங்கோ."

அந்த நேரம் பார்த்து டிரைவர் வந்து சேர்ந்தார். "அய்யோ சேச்சி, பாட்டரி ஊரியது ஆரா?" என்றார், கழற்றியது யார் என்று. ஹேண்ட் பிரேக் பிடிக்காததால் கியரில் போட்டு நிறுத்தினாராம், உப்புத் தண்ணீர் ஏறி ஸ்டார்ட்டர் தானே சுற்றியதாம். நான் நம்பவில்லை. அது என்னைப் பார்த்த பார்வை எனக்குத் தெரியும்.

அக்காவுக்கு மேல் மாமாவின் சட்டம் செல்லவில்லை, தை மாதத்தில் கல்யாணம். மாமா விளக்கை வேண்டுமென்றே மாற்றவில்லை. எல்லாரும் பார்க்கட்டும் என்று அதே காரில் வந்தார். கல்யாண போட்டோவில் மாப்பிள்ளை, பெண், பக்கத்தில் ஒற்றைக் கண்ணோடு அதுவும் நிற்கிறது. என் மாமியார் அதற்கடுத்த புதன்கிழமை, தலையை வாரிக்கொண்டே, "தையல்காரன் ஆத்துக்கு நானும் வரட்டுமா?" என்று கேட்டார். மண் அள்ளுகிற வண்டிப் படத்தில் எங்கள் எல்லாரையும்விடச் சத்தமாகக் கூவியது அவர்தான்.

இப்போதும் நான் விசாலத்தின் வீட்டுக்குப் போனால், அவள் புருஷன் வாசலிலிருந்தே குரல் கொடுப்பார். "மன்னி வந்தாச்சு, வண்டியைச் சுவத்தைப் பாத்துத் திருப்புங்கோ, பாவம், பயப்படும்!" பேரன்மாரும் ஓடிப்போய்த் தங்கள் காரைத் திருப்பி நிறுத்துவார்கள். நான் உள்ளே போகுமுன் அதன் முதுகில் இரண்டு தட்டுத் தட்டுவேன்.

"பயப்படாதேடா. இன்னிக்கு உலக்கை கொண்டு வரலை."